கிரீச் சத்தத்துக்கு டைமிங் செயின் மாற்றச் சொன்னால் உடனே சம்மதிக்காதீர்கள்

காரை ஸ்டார்ட் செய்ததும் பானெட்டுக்குள்ளிருந்து ‘கிரீச்’ என்று காதைக் கிழிக்கும் சத்தம் எழுந்து, சிறிது நேரத்தில் தானாக அடங்கிவிடுகிறது என்றால், அதைக் காரணம் காட்டி எஞ்சினைப் பிரிக்கச் சொல்பவரிடம் சம்மதம் தெரிவிக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். சென்னையின் தென் புறநகரில், எல்லா கம்பெனி கார்களையும் பார்க்கும் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் எனக்கு நேர்ந்தது இது.

எங்களுடையது 1.2 லிட்டர் பெட்ரோல் கார். ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து, காலையில் முதல் ஸ்டார்ட்டிலும் ஏசியைப் போடும்போதும் இந்தச் சத்தம் வந்துகொண்டிருந்தது. வண்டியை விட்டுவந்த அன்று மாலையே சர்வீஸ் அட்வைசர் அழைத்து, “சார், டைமிங் செயின் போயிடுச்சு. ஓடும்போது அறுந்தா வால்வு வளைஞ்சு இன்ஜினே காலி” என்று சொல்லி, 34,500 ரூபாய்க்கு எஸ்டிமேட் அனுப்பினார். எந்தச் சோதனையில் அது தெரியவந்தது என்று கேட்டேன். “சத்தத்தை வெச்சே சொல்லிடலாம் சார்” என்றார். செயின் வேலைக்கு நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் வண்டியை எடுக்கப் போனபோது, நான் கேட்கவே கேட்காத எஞ்சின் ஃபிளஷ், த்ராட்டில் பாடி கிளீனிங் ஆகியவற்றுக்கு 6,200 ரூபாய் பில் போட்டு, பணம் கட்டினால்தான் சாவி என்று நிறுத்திவிட்டார்கள். அப்போது சத்தம் அறவே இல்லை. அடுத்த மழையிலேயே அது திரும்பிவிட்டது. போன் செய்தால், “அதான் செயின்னு அப்பவே சொன்னோமே” என்று என்மேலேயே பாய்ந்தார்கள்.

செயினைப் பற்றித் தெரிந்தவர்கள் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். டைமிங் செயின் என்பது, வால்வுகள் சரியான நேரத்தில் திறந்து மூட, எஞ்சினுக்குள்ளே ஆயிலில் நனைந்தபடி ஓடுவது. அது தளர்ந்தால், குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது, ஆயில் அழுத்தம் ஏறி, செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் இறுகும்வரை ‘கடகட’ என்று உலோகச் சத்தம்தான் வரும். கிரீச்சிடுவது பெரும்பாலும் வெளியே, ஆல்டர்னேட்டர் முதலியவற்றைச் சுழற்றும் ரப்பர் பெல்ட். ஸ்டார்ட் செய்தவுடன், செலவான பேட்டரியை நிரப்ப ஆல்டர்னேட்டருக்குச் சுமை கூடுகிறது. ஏசியைப் போட்டால் கம்ப்ரஸரின் சுமை சேர்கிறது. பெல்ட் தளர்ந்தோ ஈரமாகவோ இருந்தால் அந்தச் சுமையைத் தாங்காமல் புல்லியில் வழுக்கிக் கத்துகிறது. சத்தம் வரும் நேரத்தைக் கேட்டாலே எங்கே தேட வேண்டும் என்று பாதி தெரிந்துவிடும்.

பிறகு நண்பர் ஒருவர் சொல்லி, ஒரு சிறிய ஷெட்டில் வேலை பார்க்கும் மெக்கானிக்கிடம் போனேன். எஞ்சின் ஓடும்போது பெல்ட்டின் வரிகள் உள்ள பக்கத்தில் அவர் கொஞ்சம் தண்ணீர் தெளித்தார். சத்தம் உடனே கூடியது. வழுக்குகிறது என்பதற்கு அது அடையாளம். தெளித்ததும் சற்றே அடங்கி மீண்டும் கிளம்பினால், புல்லிகள் நேர்கோட்டில் இல்லையோ என்று சந்தேகிப்பார்களாம். எஞ்சினை அணைத்த பின், “பெல்ட்டைக் கழட்டிட்டு ஒரு நிமிஷம் ஓட விட்டுப் பாத்துருவோம் சார்” என்றார். பெல்ட் இல்லாமல் ஓடிய எஞ்சினில் கிரீச் என்ற பேச்சே இல்லை. செயின் அப்போதும் உள்ளே ஓடிக்கொண்டுதான் இருந்தது என்பதைக் கவனியுங்கள். பழுது அதில் இருந்திருந்தால் சத்தம் எங்கே போகும்? (பல கார்களில் எஞ்சினைக் குளிர்விக்கும் வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில் ஓடுவதால், இந்தச் சோதனையை ஒரு நிமிடத்துக்கு மேல் நீட்டக் கூடாது.)

அடுத்து, பெல்ட்டுக்கு வழிகாட்டும் சக்கரமான ஐட்லர் புல்லியைக் கையால் சுற்றச் சொன்னார். உள்ளே மணல் அரைபடுவதுபோல் நறநறத்தது. பேரிங்கின் ஓரத்தில் கிரீஸ் கசிந்து காய்ந்திருந்தது. அதைவிட முக்கியமானது கழற்றிய பெல்ட். அதன் வரிகளுக்கிடையில், புழுதி ஒட்டிப்போன பிசுபிசுப்பான கறுப்புப் படலம் இருந்தது. வழுக்கும் பெல்ட்டைச் சில நாள் வாயடைக்க அடிக்கும் பெல்ட் டிரெஸ்ஸிங் ஸ்பிரே அது என்றார் மெக்கானிக். வேறு எந்தக் கடையும் அதுவரை அந்தப் பெல்ட்டைத் தொட்டதில்லை. ஆக, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று அந்த ஒர்க்‌ஷாப்புக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தே பெல்ட்டில் ஸ்பிரே அடித்துவிட்டு, பில்லில் அதை மறைத்து, என்னிடம் செயின் என்று சொல்லியிருக்கிறார்கள். தெரியாமல் தவறாகச் சொன்னார்கள் என்றால் இந்தப் பதிவையே எழுதியிருக்க மாட்டேன்.

புதிய பெல்ட், புல்லி, கூலி எல்லாம் சேர்த்து 2,300 ரூபாய் ஆனது. பழைய பாகங்களையும் கையில் கொடுத்தார். அதற்குப் பின் எத்தனையோ மழை பெய்துவிட்டது, சத்தம் இல்லை.

பெரிய எஸ்டிமேட் வந்தால், பெல்ட்டைக் கழற்றி எஞ்சினை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வண்டியை எடுத்துவிடுங்கள். வண்டியை விடும்போது எழுதும் ஜாப் கார்டில் ‘சத்தம், பார்க்கவும்’ என்று மட்டும் எழுத விடாமல், என் ஒப்புதல் இல்லாமல் வேறு வேலை கூடாது என்றும் எழுதி வாங்குங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிந்திருக்கிறேன். ஒர்க்‌ஷாப் இதுவரை தந்திருப்பது, அடுத்த சர்வீஸில் 10 சதவீதத் தள்ளுபடி என்ற குறுஞ்செய்தி மட்டுமே. பணம் திரும்பாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்கு அங்கே கட்டணம் கிடையாது, 2 ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும்.