யோபுவா, பிரசங்கியா: எதை முதலில் படிப்பது?

எபிரேய வேதத்தில் (பைபிளின் பழைய ஏற்பாட்டில்) துன்பத்தைப் பற்றிப் படிக்க விரும்புவோர் தயங்கி நிற்பது இந்த இரண்டு நூல்களுக்கு இடையில்தான்.

நீளம்: யோபு 42 அதிகாரம். பிரசங்கி 12, ஒரே அமர்வில் முடித்துவிடலாம்.

துயரம்: யோபு குற்றமற்றவன், பிள்ளைகள், சொத்து, உடல்நலம் மூன்றையும் இழந்து, 3ஆம் அதிகாரத்தில் தான் பிறந்த நாளையே சபிக்கிறான். பிரசங்கிக்குக் குறை ஒன்றுமில்லை, எல்லாம் அனுபவித்த பின்பும் கையில் எதுவும் நிற்கவில்லை என்கிறார். ஆனால் 4:2-3இல் அவரும் பிறவாதவனே பாக்கியவான் என்ற இடத்துக்கே வந்து சேர்கிறார்.

கடவுள்: யோபுவிடம் பெருங்காற்றிலிருந்து பேசுகிறார் (38-41), காரணம் மட்டும் சொல்வதில்லை. பிரசங்கியில் பேசுவதே இல்லை.

தடுமாறும் இடம்: யோபுவில், ஆறுதல் சொல்ல வந்த நண்பர்களின் பேச்சை நூலின் போதனையாக எடுத்துக்கொள்வது. ‘விதைத்ததையே அறுப்பாய்’ என்பது அவர்களில் ஒருவரான எலிப்பாஸின் வாதம் (4:8). அவர்கள் சரியாகப் பேசவில்லை என்று 42:7இல் கடவுளே கண்டிக்கிறார். துக்க வீட்டில் அந்த வசனத்தைச் சொல்வது கொடுமை. பிரசங்கியில் சிக்கல் தமிழ் மொழிபெயர்ப்பில் வரும் ‘மாயை’ என்ற சொல். மூலத்தில் உள்ள ‘ஹெவெல்’ என்பதற்கு மூச்சு, நீராவி என்று பொருள். வேதாந்த மாயையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

எதிரொலி: ஜெர்மன் கவிஞர் கோதேயின் ‘ஃபாஸ்ட்’ நாடகத்தின் விண்ணுலக முன்னுரை யோபுவின் முதல் அதிகாரத்தைத் தழுவியது. அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே 1926இல் வெளியிட்ட ‘தி சன் ஆல்சோ ரைசஸ்’ நாவலின் தலைப்பு பிரசங்கி 1:5இலிருந்து வந்தது.

இழப்பின் நடுவே இருப்பவருக்கு யோபு: முதலில் 1-3, பிறகு 38-42, நடுப்பகுதி பின்னால். சலிப்பும் வெறுமையும் வாட்டுபவருக்குப் பிரசங்கி.