லாரி பேக்கேஜ் பாலிசி: ஐஎம்டி 23 இல்லாமல் எடுக்காதீர்கள்

பேக்கேஜ் பாலிசி என்றால் நம் லாரியின் சேதம், அடுத்தவருக்கு ஆகும் சேதம் இரண்டுக்குமான இன்சூரன்ஸ். அதன் பிரீமியத்தைக் குறைத்துக்காட்ட ஏஜென்ட் முதலில் வெட்டுவது ஐஎம்டி 23 என்ற கூடுதல் கவரைத்தான். அது இல்லாவிட்டால், வண்டி முழுசாகப் போனால் ஒழிய, பம்பர், ஹெட்லைட், மட்கார்டு, பானட், டயர், பெயின்ட் எதற்கும் காசு வராது. முன்பக்கம் இடித்தால் நொறுங்குவதே இவைதானே! இதைச் சேர்த்தால் சொந்தச் சேதப் பிரீமியத்தில் (நம் வண்டியின் சேதத்துக்குக் கட்டுவது) 15% கூடும்; கொடுத்துவிடலாம். சேர்த்தாலும் பிளாஸ்டிக், ரப்பர் சாமான்களுக்குப் பாதி விலைதான்.

40 டன்னுக்கு மேற்பட்ட லாரிக்கு தேர்ட் பார்ட்டி (அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கான) பிரீமியம், 2022 கட்டணப்படி 44,242 ரூபாய். எந்தக் கம்பெனியானாலும் ஒரே ரேட்; பேரமெல்லாம் சொந்தச் சேதத்தில்தான். ஏற்றிய சரக்குக்கு இந்தப் பாலிசி பொறுப்பல்ல, அது தனி.

கிளெய்ம் என்று போனால், எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று) தேதி, டிரைவர் லைசென்ஸ் இரண்டையும் சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் கட்டாயம் தோண்டுவார். அவர் பார்க்கும்வரை ஒர்க்‌ஷாப்பில் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற விடாதீர்கள்.