கின்ஷாசால "நூறு வருஷத்து முகமூடி"ன்னு சொல்லி விக்கிறாங்க, உஷாரா இருங்க

காங்கோவுக்கு வேலைக்கு வந்திருக்கிற நம்ம ஆளுங்க, லீவுக்குப் போகும்போது ஒரு முகமூடியோ சிலையோ வாங்கிட்டுப் போகலாம்னு நினைச்சீங்கன்னா முதல்ல இதப் படிச்சிடுங்க.

கின்ஷாசால கோம்பேங்கிற ஏரியாவுல ஒரு கடை. அங்க ஒரு கிஃப்வெபே முகமூடிய என்கிட்ட 600 டாலருக்கு வித்தாங்க. கிஃப்வெபேங்கிறது லொமாமி ஆத்துப் பக்கம் இருக்கிற சோங்யே இன மக்களோடது, முகம் பூரா கோடு கோடா பள்ளம் வெட்டியிருக்கும், வாய் சதுரமா முன்னால நீட்டிக்கிட்டு நிக்கும், ஆண் முகமூடின்னா நெத்தி நடுவுல பெரிய மேடு ஒண்ணு எழும்பி மூக்கு வரைக்கும் இறங்கும். நூறு வருஷப் பழசு, கிராமத்துல போட்டு ஆடுனது, தலைவர் குடும்பத்துல இருந்தே நேரா வந்ததுன்னு கடைக்காரர் அடிச்சு சொன்னாரு. போன்ல ஒரு நியூஸ் வேற காட்டினாரு, பிரான்ஸ்ல ஒரு வயசான தம்பதி 150 யூரோவுக்குக் கொடுத்த ஃபாங் முகமூடி 2022ல ஏலத்துல 42 லட்சம் யூரோவுக்குப் போச்சுன்னு. அந்த நியூஸ் உண்மைதான், ஆனா அது கபோன் நாட்டுல ஃபாங் இனத்தோட இங்கில்ங்கிற வகை முகமூடி, அதுக்கும் இவர் கையில இருந்ததுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

அப்புறம் செதுக்குற தொழில்லயே இருக்கிற ஒருத்தர்கிட்ட காட்டினேன். அவர் முன்பக்கத்தப் பாக்கவே இல்ல, நேரா திருப்பி உள்பக்கத்தப் பாத்தாரு. போட்டு ஆடுன முகமூடின்னா நெத்தியும் மூக்கும் படுற இடம் வேர்வையில கறுத்து வழவழன்னு ஆயிருக்கும், இதுல உள்ள முழுக்க ஒரே கலர், பாலிஷ் வாசனை. ஓரத்துல நார் கட்டுற ஓட்டைங்க இருக்குல்ல, கயிறு இழுத்து இழுத்து விளிம்பு தேஞ்சிருக்கணும், இதுல விரல் வச்சா குத்துது, ஓட்டைக்குள்ள மரம் வெள்ளையா தெரியுது. ஈரத் துணியால துடைச்சா மேல பூசியிருந்த வெள்ளை மண்ணு அப்படியே கையோட வந்துடுச்சு. பூச்சி அரிச்ச மாதிரி இருந்த ஓட்டைங்க கூட நேர்க்கோடா போகுது, பூச்சி எங்கயாவது டிரில் போட்ட மாதிரி நேரா போகுமா?

கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனா, நான் பழசுன்னே சொல்லலையேங்கிறாரு கடைக்காரர். பில்ல எடுத்துப் பாத்தா மர முகமூடி ஒண்ணுன்னு மட்டும்தான் இருக்கு, வயசும் இல்ல சோங்யேன்னும் இல்ல.

எனக்கு பணத்த விட இதுதான் ரொம்ப வலிக்குது, அத செதுக்குன ஆளு நிஜமாவே நல்ல கைக்காரரு, அந்தப் பள்ளமெல்லாம் அவ்வளவு சீரா வந்திருக்கு. நேத்து செஞ்சதுன்னு உண்மையச் சொல்லி வித்திருந்தா அவர் பேரு வெளிய தெரிஞ்சிருக்கும், இப்ப இல்லாத ஒரு தலைவர் பேரச் சொல்லி இடையில இருக்கிறவன் காசு பாக்குறான். இது இங்க மட்டும் இல்ல, கேமரூன்ல ஃபும்பான்ங்கிற ஊர்ல பல இனத்து ஸ்டைல்லயும் செஞ்சு பழசாக்கி வெளிநாட்டுக்கு அனுப்புறாங்க.

இன்னொண்ணு, நிஜமாவே பழசுன்னா அரசாங்க அனுமதி இல்லாம நாட்ட விட்டு வெளிய கொண்டுபோகக் கூடாது. கடைக்காரர் பழசுங்கிறாரு, பேப்பர் எதுவும் வேணாம்ங்கிறாருன்னா அங்கயே எந்திரிச்சு வந்துடுங்க. நல்ல கிஃப்வெபே எப்படி இருக்கும்னு பாக்கணும்னா கின்ஷாசால 2019ல திறந்த தேசிய மியூசியத்துக்குப் போயிட்டு வந்து அப்புறம் கடைக்குப் போங்க, வாங்குறதா இருந்தா எந்த இனம், எந்தக் காலம்னு பில்லுலயே எழுதி கையெழுத்து வாங்குங்க. எழுத மாட்டேன்னா புதுசுக்கு என்ன விலையோ அது மட்டும் கொடுங்க. கோம்பேல வாங்கப் போறவங்க தனியா கேளுங்க, எந்தக் கடைன்னு சொல்றேன், பில்லும் போட்டோவும் பத்திரமா வச்சிருக்கேன்.