புயலுக்கு முன் நீச்சல்குளம்: காலி செய்வதா, அப்படியே விடுவதா?

நீலாங்கரை தாண்டி மாமல்லபுரம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையில் நீச்சல்குளம் வைத்த வீடுகள் நிறைய. வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் என்று செய்தி வந்தால் போதும், அங்கே வாதம் தொடங்கிவிடும். தண்ணீரைத் திறந்துவிடச் சொல்வார் வீட்டுக்காரர். தார்ப்பாய் போட்டு மூடச் சொல்வார் காவலாளி. குளம் கழுவ வருகிற பையன் ஒரு வாளி பிளீச்சிங் பவுடரோடு நிற்பான். 2016இல் வர்தா, 2022இல் மாமல்லபுரம் பக்கத்திலேயே கரையைக் கடந்த மாண்டஸ், 2023இல் மிக்ஜாம், 2024இல் ஃபெஞ்சல் என்று பார்த்தாகிவிட்டது. வாதம் மட்டும் அப்படியே இருக்கிறது.

காலி செய்வதா, விட்டுவைப்பதா

காலி செய்வது பார்வைக்கு நல்ல யோசனை. மழை கொட்டப் போகிறது, இடம் விட்டு வைப்போம் என்று தோன்றும். இருக்கிற தேர்வுகளிலேயே மோசமானது இதுதான். குளத்துக்கு மேலிருந்து வரும் மழையால் பெரிய ஆபத்து எதுவும் இல்லை. ஆபத்து கீழிருந்து ஏறும் நிலத்தடி நீரால்தான். கடலோர மணலில் ஒரு நல்ல மழைக்கே கிணற்று நீர் சரசரவென்று மேலே வந்துவிடும். பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற தாழ்வான மனைகளில் கேட்கவே வேண்டாம். காலிக் குடத்தைக் கிணற்றில் அழுத்தினால் எப்படி எம்பும்? காலியான குளமும் அப்படித்தான் எம்பப் பார்க்கும்.

கணக்கே போட்டுப் பார்க்கலாம். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.4 மீட்டர் ஆழம் உள்ள காங்கிரீட் குளம் ஒன்று. சுவரும் தரையும் 20 செ.மீ. கனம். காங்கிரீட்டின் எடை மட்டும் சுமார் 33 டன் வரும். நிலத்தடி நீர் தரைமட்டத்துக்கு ஏறிவிட்டால், அந்தக் குளத்தை மேலே தள்ளுகிற விசை ஏறக்குறைய 59 டன். உள்ளே முழுசாகத் தண்ணீர் இருந்தால் அது 45 டன். காங்கிரீட்டையும் சேர்த்தால் 78 டன், கவலையே இல்லை. பாதித் தண்ணீர் வைத்தால் மொத்தம் 55 டன்தான். அதாவது ‘பாதி மட்டும் இறக்கலாமே’ என்ற சமரசம்கூட இந்தக் கணக்கில் தேறாது. சுற்றியுள்ள மண்ணின் பிடிப்பும் தளத்தின் பாரமும் கொஞ்சம் கைகொடுக்கும். ஆனால் ஈர மணலின் பிடிப்பை நம்பிக் குளத்தைப் பணயம் வைக்க முடியாது. ஒரு மூலை இரண்டு அங்குலம் எழும்பினாலே ஓடு வெடிக்கும், குழாய் இணைப்புகள் விட்டுப்போகும். அதன்பிறகு பழுதுபார்ப்பு என்ற பேச்சே கிடையாது, உடைத்துக் கட்டுவதுதான்.

குளத்தின் அடியில் அழுத்தத்தை விடுவிக்கும் வால்வு இருக்கிறதே என்பார்கள். வெளியே நீரழுத்தம் கூடினால் அது தானாகத் திறந்து நிலத்தடி நீரை உள்ளே விட வேண்டும். வேலை செய்தால் நல்லதுதான். பழைய குளங்களில் அது மண்ணடைத்துக் கிடக்கும், அல்லது ஓடு மாற்றியபோது யாராவது சிமென்டால் பூசியிருப்பார்கள்.

ஃபைபர் குளம் என்றால் இவ்வளவு யோசனைகூடத் தேவையில்லை. அதற்குச் சொல்லிக்கொள்ளும்படி எடை கிடையாது. தண்ணீரில் கையே வைக்காதீர்கள்.

சரி, காங்கிரீட் குளத்தில் ஒரு முப்பது சென்டிமீட்டராவது இறக்கி வைக்கலாமா? மேலே சொன்ன கணக்குப்படி ஆபத்தில்லை, மொத்தம் 68 டன் இருக்கும். ஆனால் பலன் குறைவு. ஃபெஞ்சலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறக்குறைய அரை மீட்டர் மழை பெய்தது. அந்த மழைக்கு முப்பது சென்டிமீட்டர் இடம் ஒரு நாள்கூடத் தாங்காது. அதைவிட உபரி நீர் வெளியேறும் குழாயில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, அது எங்கே போய் விழுகிறது என்று பாருங்கள். அந்தக் குழாய் சரியாக இருந்தால் மட்டத்தைத் தொட வேண்டாம். குழாயே இல்லை, வழிந்தால் வீட்டுப் பக்கம் போகும் என்றால் ஒரு சாண் இறக்குங்கள். ஓரத்தில் மிதக்கும் குப்பையை இழுக்கும் ஸ்கிம்மர் வாய்க்குக் கீழே மட்டம் போய்விட்டால் மோட்டாரை ஓட்டக் கூடாது, காற்றை இழுத்துச் சூடாகிவிடும்.

தார்ப்பாயா, திறந்தவெளியா

தார்ப்பாய் போடுவதற்குச் சொல்லும் காரணம் குப்பை விழாது என்பது. புயல் காற்றில் நடப்பது வேறு. கயிறு அறுந்து பாய் பக்கத்து வீட்டு மாமரத்தில் தொங்கும். அறுந்துபோகாவிட்டால் இன்னும் வம்பு: 10 செ.மீ. மழை, முன்பு கணக்குப் போட்ட குளத்தின் மேல் 3 டன்னுக்கு மேல் தேங்கும். பாய் நடுவில் தொய்ந்து, பார்ப்பதற்குக் கணுக்கால் அளவுத் தண்ணீர் போலத் தெரியும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் திறந்த குளத்தைவிட இது பயங்கரம்.

திறந்து விட்டால் குப்பை விழத்தான் செய்யும். தென்னை மட்டை, வாதாம் இலை எல்லாம் வலையில் அள்ளிவிடலாம். தொல்லை கொடுப்பது சவுக்குச் சருகுதான். மெல்லிய ஊசி மாதிரி இருப்பதால் ஸ்கிம்மர் கூடையின் ஓட்டைகளில் நெட்டுக்குத்தாக நுழைந்து, மோட்டாருக்கு முன்னால் உள்ள கூடையையும் தாண்டி, உள்ளே சுழலும் இறக்கைகளில் போய்ச் சிக்கிக்கொள்ளும். பக்கத்தில் சவுக்குத் தோப்பு இருந்தால், கூடைக்குள் ஒரு பழைய நைலான் காலுறையை மாட்டி வைத்தால் தப்பிக்கலாம். மட்டையும் இலையும் அள்ள அரை நாள் போகும், அவ்வளவுதான். எனவே என் ஓட்டு திறந்தவெளிக்கு. தளத்தில் அடித்த கொக்கிகளில் இழுத்துக் கட்டும், மழையைக் கீழே விடும் கெட்டி வலை ஏற்கெனவே இருக்கிறதென்றால் அதைப் போடலாம்.

நாற்காலிகளைக் குளத்துக்குள் போட்டுவிட்டால் பறக்காது என்றும் ஒரு யோசனை உண்டு. இரும்பு நாற்காலி துருக்கறை விடும், ஓட்டையும் பெயர்க்கும். வீட்டுக்குள் எடுத்து வையுங்கள்.

மோட்டாரைச் சுற்றிக் கட்டுவதா, கழற்றுவதா

நம் ஊரில் பெரும்பாலான மோட்டார் அறைகள் தரைக்குக் கீழே ஒரு பள்ளம்தான். முதலில் தண்ணீர் தேங்குவது அங்கே. பிளாஸ்டிக் சுற்றிக் கட்டுவது சாரலுக்குச் சரி. பள்ளமே நிரம்பும்போது அது எதையும் தடுக்காது, வடிந்த பிறகும் ஈரத்தை உள்ளேயே அடைத்து வைக்கும். கழற்றுவது அப்படியொன்றும் பெரிய வேலையில்லை. மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்சிபி சுவிட்சை அணைத்துவிட்டு, எலக்ட்ரீஷியனை வைத்து ஒயரைப் பிரித்து, குழாயை இணைக்கும் இரண்டு பக்க யூனியனையும் திருகினால் மோட்டார் கையோடு வந்துவிடும். திறக்கும் முன் வால்வுகளை அடைக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் குளத்துத் தண்ணீர் முழுக்க அந்தப் பள்ளத்துக்கே வரும். மணல் வடிகட்டி அங்கேயே இருக்கட்டும். உப்பு நீர்க் குளமாக இருந்தால் குளோரின் தயாரிக்கும் கருவியின் மின்பெட்டியையும் எடுத்துவிடுங்கள்.

மோட்டாரை எடுத்துவிட்டால் தண்ணீர் ஓடாதே, பாசி பிடிக்காதா? புயல் நாளில் மின்சாரமே இருக்கப் போவதில்லை.

குளோரின்: முன்பா பின்பா, எது

முன்பும் வேண்டும், பின்பும் வேண்டும். ஒருமுறைதான் முடியும் என்றால் முன்பு போடுங்கள், மோட்டாரைக் கழற்றும் முன் ஓட விட்டுக் கலக்கலாம். அதே குளத்தின் 45,000 லிட்டரில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் வர 450 கிராம் குளோரின் தேவை. 65 சதவீதக் குளோரின் உள்ள குருணை என்றால் சுமார் 700 கிராம், சாதாரண பிளீச்சிங் பவுடர் என்றால் ஒன்றரைக் கிலோ. பவுடர் மலிவு, ஆனால் சுண்ணாம்பாக அடியில் படியும். வாளியில் கரைத்துத் தெளிந்த நீரை மட்டும் ஊற்றினால் பிழைப்பு ஓடும். நான் குருணையைத்தான் எடுப்பேன். டிசிசிஏ (TCCA) என்ற குளோரின் மாத்திரை மெதுவாகக் கரையும், அவசரத்துக்கு ஆகாது. ஒன்று மட்டும் கவனம்: மாத்திரை வைத்த டப்பாவில் குருணையையோ பவுடரையோ கலக்கவே கூடாது, தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும்.

பழைய தண்ணீரைத் தேற்றுவதா, மாற்றுவதா

மழை விட்டதும் குளத்தைப் பார்த்தால் மனசு விட்டுப்போகும். பச்சையோ பழுப்போ, அடித்தரை தெரியாது. உடனே டேங்கருக்குப் போன் போடாதீர்கள். வெறும் மழையும் இலையும் தோட்டத்து மண்ணும் என்றால் தேற்றிவிடலாம். முதலில் வலையில் அள்ளுங்கள், கையை விடாதீர்கள், பாம்பும் தேளும் ஒதுங்கியிருக்கும். அப்புறம் குளோரின். அதன்பிறகும் கலங்கல் போகாவிட்டால் சுமார் இரண்டு கிலோ படிகாரத்தைக் கரைத்துப் பரவலாக ஊற்றி, மோட்டாரை நிறுத்தி இரவெல்லாம் விடுங்கள். காலையில் கலங்கல் அடியில் சாம்பல் நிறப் படிவமாக உட்கார்ந்திருக்கும். அதை மெதுவாக உறிஞ்சி நேராக வெளியே விட வேண்டும். வடிகட்டி வழியாக விட்டால் மணல் அடைத்துக்கொள்ளும். மழை நீரும் படிகாரமும் பிஎச் அளவை இறக்கிவிடும் என்பதால், அதை ஏற்றச் சோடா ஆஷ் கைவசம் இருக்கட்டும். குளோரின் லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே வந்த பிறகு இறங்குங்கள்.

சாக்கடையோ கடல் நீரோ உள்ளே புகுந்திருந்தால் கதை வேறு, மாற்றித்தான் ஆக வேண்டும். நான்கு டேங்கர் தண்ணீர் பிடிக்கும். ஆழ்துளைக் கிணற்று நீர் என்றால், இரும்பு கலந்திருக்கிறதா என்று ஒரு வாளியில் குளோரின் போட்டுப் பாருங்கள். பழுப்பாக மாறினால் அந்த நீர் வேண்டாம்.

ஆனால் மாற்றுவதை மழை நின்ற மறுநாளே செய்யக் கூடாது. மேலே வெயில் அடித்தாலும் கீழே நிலத்தடி நீர் வாரக்கணக்கில் உயரத்திலேயே நிற்கும். வீட்டுக் கிணற்றிலோ பக்கத்து வீட்டுக் கிணற்றிலோ கயிறு விட்டு அளந்து, நீர்மட்டம் குளத்தின் அடித்தரைக்குக் கீழே இறங்கிவிட்டதா என்று பாருங்கள். சில ஆண்டுகளில் அது தை பிறந்த பிறகுதான் நடக்கும். அதுவரை கொசு உற்பத்தியாகாமல் குளோரின் போட்டு, யாரும் இறங்காமல் கயிறு கட்டி வையுங்கள்.