2,300 ரூபாய் டிரைபாடும் பத்மதீர்த்தக் கரையும்

தக்கலையில் கல்யாண வீடுகளுக்குப் படம் எடுப்பவன் நான். ஃபிளாஷை நம்பிப் பிழைப்பவனுக்கு டிரைபாட் என்னும் கேமரா முக்காலி எதற்கு என்றே இத்தனை வருடம் ஓட்டிவிட்டேன். பழைய கட்டடங்களை அந்தியில் எடுக்கும் ஆசைதான் வாங்க வைத்தது. பக்கத்திலேயே பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. ஆனால் வெளிச்சம் கனியும் முன்பே பூட்டிவிடுகிறார்கள். (அரண்மனை தமிழ்நாட்டில், சாவி கேரள அரசிடம்.) ஆகவே மார்ச் மூன்றாம் வாரம் இரணியலில் ரயிலேறித் திருவனந்தபுரம் போனேன்.

கிழக்குக் கோட்டையில் பத்மதீர்த்தக் குளக்கரை. எதிரே மேத்தன் மணி என்ற பழைய கடிகாரம் ஆறு அடித்தது. அதன் மேலுள்ள பொம்மை முகத்தின் கன்னங்களில் இரண்டு ஆடுகளும் முட்டிவிட்டு விலகின. இரவும் பகலும் சமமாகும் அந்த நாட்களில், மறையும் சூரியன் பத்மநாபசுவாமி கோயிலின் ஏழு நிலைக் கோபுரத்து வாசல்கள் வழியே ஒவ்வொன்றாகத் தெரியும். அதைப் பார்க்கக் கைபேசியுடன் பெருங்கூட்டம். சூரியன் இறங்கியதும் கலைந்துவிட்டார்கள். எனக்கு அப்போதுதான் வேலை.

இந்த ஊர் பூமத்திய ரேகையிலிருந்து 8.5 பாகைதான் வடக்கே. சூரியன் ஏறத்தாழச் செங்குத்தாக விழுவதால் அந்தி இருபது நிமிடத்துக்கு மேல் நீள்வதில்லை. முதலில் வானம் கூசுகிறது, கோபுரம் கறுத்து நிற்கிறது. கடைசியில் வானம் கறுத்து விளக்குகள் கூசுகின்றன. இடையில் இரண்டும் ஒத்துப்போகும் ஏழெட்டு நிமிடங்களில் டிரைபாடோடு மல்லுக்கட்ட முடியாது.

இது மல்லுக்கட்ட வைக்கவில்லை. கால் பூட்டுகள் மூன்றும் சட்டென்று பிடித்துக்கொள்கின்றன. நடுத்தண்டை உயர்த்தினால் மட்டும் காற்றே இல்லாமல் ஆடுகிறது. முதல் நான்கு படங்களும் குழம்பிப்போயின. தண்டை முழுவதும் இறக்கி, கீழ்க் கொக்கியில் பையைத் தொங்கவிட்டேன். ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 100, லென்ஸ் திறப்பு எஃப் 8, ஷட்டர் திறந்திருப்பது ஆறு விநாடி; விரல் அதிர்வு சேராமலிருக்க இரண்டு விநாடி டைமர். சுதைச் சிற்பங்கள் தனித்தனியாகத் தெரிகின்றன.

மன்னிக்க முடியாதது டிரைபாடிலுள்ள நீர்மட்டக் குமிழி. அதை நம்பி எடுத்தால் கோபுரம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. வீட்டில் கொத்தனாரின் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன். குமிழியை ஒட்டியதே கோணல். கட்டடம் எடுப்பவருக்கு இது சின்னக் குறை இல்லை. கேமராவை அண்ணாந்து பார்க்க வைத்தாலே கோபுரம் பின்னால் மல்லாந்துவிடும். அதனால்தான் குளத்துக்கு இக்கரையில் தள்ளி நின்று கேமராவை மட்டமாக வைக்கிறோம். கேமரா திரையிலேயே மட்டம் காட்டும் வசதி இருந்தால் வாங்கலாம். இல்லாதவர் இதைத் தொடவேண்டாம்.

கிளம்பும்போது ஒரு காலின் ரப்பர் கழன்று எங்கோ உருண்டுவிட்டது. ரப்பர் மட்டும் தனியாக வராது என்று வாங்கிய கடையில் கைவிரித்துவிட்டார்கள். ஊன்றுகோலுக்கு மாட்டும் ரப்பர் மருந்துக் கடையில் 30 ரூபாய்க்குக் கிடைத்தது. பழையதைவிட இறுக்கமாகவே உட்கார்ந்திருக்கிறது.