4,800 ரூபாயும் போய், அப்பாவின் தோல் கையுறையும் போனது: கடையில் கொடுக்க முன் வாசியுங்கள்

இப்போதுதான் அந்தக் கடையிலிருந்து வந்து உட்கார்ந்தேன். மூன்றாம் தடவை. திருகோணமலை டவுனில் உடுப்புக் கழுவி அயன் பண்ணிக் கொடுக்கும் கடை ஒன்று. பெயர் போடவில்லை.

மகள் ஜனவரியில் படிக்கக் கனடா போகிறாள். அவளுக்காக இரண்டு சோடி கையுறை வைத்திருந்தேன். ஒன்று அக்கா டொரோண்டோவிலிருந்து கொண்டுவந்த சுவேட் கையுறை, மேல்பக்கம் பஞ்சுபோல் இருக்கும் தோல். மற்றது அப்பா ஜேர்மனியில் வேலை செய்த காலத்தில் போட்ட மண்ணிறத் தோல் கையுறை. அப்பா இப்போது இல்லை. உவர்மலையில் எங்கள் வீட்டுக்குக் கடற்காற்று நேரே வரும். மாரி தொடங்கினால் அலுமாரிக்குள் இருக்கும் தோல் சாமான் எல்லாம் பூஞ்சணம் பிடிக்கும். இவையும் வெள்ளை வெள்ளையாகப் பிடித்திருந்தன. நானே துடைத்திருக்கலாம். பழுதாக்கிவிடுவேனோ என்ற பயத்தில்தான் கடைக்குக் கொண்டு போனேன்.

அங்கே நின்ற தம்பி சுவேட் கையுறையை எடுத்து விரலால் ஒரு பக்கம் தடவினார், பிறகு மற்றப் பக்கம் தடவினார். தடவத் தடவ நிறம் மாறியது. "இது தோலின்ர உள்பக்கம் அக்கா, தண்ணி பட்டா பழுதாப் போயிடும். நாங்க தண்ணியே காட்ட மாட்டம்" என்றார். அந்தப் பேச்சை நம்பிவிட்டேன். விஷயம் தெரிந்த பிள்ளை என்று நினைத்தேன். நிலாவெளிப் பக்கம் ஹோட்டல்காரரின் சாமானும் தங்களிடம்தான் வருகிறது என்றார். இரண்டு சோடிக்கும் 4,800 ரூபாய், முழுவதும் முற்பணம். எண்ணிக் கொடுத்தேன்.

வீட்டில் பையைப் பிரித்ததும் சவர்க்காரத் தூள் மணம். தண்ணீரில் ஊறப்போட்டுக் கழுவி, சூட்டில் காயவைத்திருக்கிறார்கள். நனைந்த தோலில் சூடு பட்டால் அது சுருங்கும். சவர்க்காரம் தோலுக்குள் இருக்கும் எண்ணெய்ப் பசையை எடுத்துவிடும், பிறகு விறைப்புத்தான். அப்பாவின் கையுறை பெரியது, அதற்குள் மகளின் விரல் நுழையவில்லை. மெதுவாக விரித்துப் பார்த்தேன், பெருவிரல் அடியில் வெடித்துவிட்டது. சுவேட்டுக்கு மேல் அயன் வேறு வைத்திருக்கிறார்கள். பஞ்சுபோல் இருந்த மேல்பக்கம் அமுங்கி, உள்ளங்கை பளபளக்கிறது. அப்பாவின் கை பட்டுப் பட்டு வந்த மடிப்புகள் ஒன்றும் இல்லை.

முதல் நாள் போனால் முதலாளி இல்லை. அடுத்த நாள், "கண்டிக்கு அனுப்பினது அக்கா, பிழை அங்கதான்." இன்று முதலாளியே இருந்தார். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "பழைய சாமான்தானே" என்றார். பில்லின் பின்பக்கத்தில் ஆங்கிலத்தில் சின்னதாக அச்சடித்ததைக் காட்டி, பொறுப்பெடுக்க மாட்டோம் என்று போட்டிருக்கிறதாம். 4,800 ரூபாயையாவது தாருங்கள் என்று கேட்டேன். வேலை செய்ததற்குக் காசு என்றார். என்ன வேலை?

வீட்டில் எப்படிப் பராமரிப்பது என்று முழுதாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது மனம் ஓடவில்லை. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். பூஞ்சணம் பிடித்த சாமானை வீட்டுக்கு வெளியே வைத்து, காய்ந்த மெல்லிய பிரஷால் தட்டிவிட்டு நிழலில் காற்றாட விடுங்கள். சுவேட்டில் ஊத்தை என்றால் சுத்தமான அழிறப்பரால் மெதுவாகத் தேயுங்கள். எண்ணெய் பட்டால் சோளமா தூவி ஓர் இரவு விட்டுத் தட்டுங்கள். வழுவழுப்பான தோலுக்கு மட்டும் பிழிந்த ஈரத்துணி, காய்ந்த பிறகு கொஞ்சம் தோல் கிரீம். வெயிலும் வேண்டாம், ஹெயார் டிரையரும் வேண்டாம். பொலித்தீன் பைக்குள் கட்டி வைக்கவும் வேண்டாம்.

கடையில் கொடுத்தே ஆகவேண்டும் என்றால் "தண்ணீரில் கழுவக் கூடாது" என்று பில்லில் எழுதி வாங்குங்கள், முழுக்காசையும் முதலில் கொடுக்காதீர்கள், கொடுக்க முன் படம் எடுங்கள். நான் எடுக்கவில்லை.

பில் என்னிடம் இருக்கிறது. நாளைக் காலை 1977க்கு, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு, அழைக்கப் போகிறேன்.