கைமாறிய இரண்டு, மாறாத ஒன்று: கிங்ஃபிஷர், தம்ஸ் அப், பவண்டோ

பாண்டி கோயிலில் ஒரு கிடா விருந்து. பந்தி முடிந்து மண்டபத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். சித்தப்பா கையில் பவண்டோ, பிள்ளைகள் கையில் தம்ஸ் அப். காருக்குப் பின்னால் போய்விட்டு வந்த மாப்பிள்ளை வாயில் கிங்ஃபிஷர் வாசம். "நீங்க வெள்ளைக்காரன் கலரைக் குடிங்க மாமா, நான் குடிச்சது நம்ம நாட்டுச் சரக்கு" என்றான். மூன்றில் ஒன்றுதான் இன்னும் நம்மவர் கையில் இருக்கிறது. அது அவன் குடித்தது இல்லை.

கிங்ஃபிஷரில் இருந்தே தொடங்கலாம். அதைக் காய்ச்சும் யுனைடெட் புரூவரிஸ், 1915ல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஐந்து பீர் ஆலைகளை ஒன்றுசேர்த்து உருவாக்கியது. 1947ல்தான் விட்டல் மல்லையா இயக்குநராக உள்ளே வந்தார். ஆக, "நம்ம நாட்டு" பீர் கம்பெனி பிறந்ததே வெள்ளைக்காரர் வீட்டில். 2008ல் நெதர்லாந்தின் ஹைனெகன், ஸ்காட்டிஷ் அண்ட் நியூகாசில் என்ற பிரிட்டிஷ் பீர் நிறுவனத்தின் இந்தியப் பங்கு வழியாக உள்ளே நுழைந்தது. 2021 ஜூனில், விஜய் மல்லையாவின் கடனுக்காகப் பிடித்து வைத்திருந்த பங்குகள் விற்பனைக்கு வந்தபோது சுமார் 15 சதவீதத்தை வாங்கி, தன் பங்கை 61.5 சதவீதமாக ஆக்கிக்கொண்டது. விலை 5,800 கோடி ரூபாய்க்கு மேல்.

ஹேவர்ட்ஸ் 5000 என்ற இன்னொரு பீரின் கதை இன்னும் வேகம். ஷா வாலஸ் என்ற இந்திய நிறுவனத்தின் கையில் இருந்தது, சாப்மில்லர் என்ற வெளிநாட்டு பீர் கம்பெனிக்குப் போனது. 2016ல் சாப்மில்லரையே பெல்ஜியத்தின் ஏபி இன்பெவ் விழுங்கியது.

இத்தனைக்கும் குடிக்கிறவர் யாராவது முகம் சுளித்தார்களா? இல்லை. மாநிலத்துக்கு மாநிலம் வரி மாறுவதால், பீரைப் பெரும்பாலும் விற்கிற மாநிலத்திலேயே காய்ச்சுகிறார்கள். முதலாளி ஆம்ஸ்டர்டாமில் இருந்தாலும் தண்ணீர் நம் தண்ணீர்தான். அப்புறம் இங்கே பீரில் ருசி தேடுகிறவர் கொஞ்சம் பேர். நாடு முழுக்கவே அதிகம் போவது ஸ்ட்ராங். சித்திரை வெயிலில் அதைக் கையில் வாங்குகிறவருக்கு வேண்டியது இரண்டு: சில்லென்று இருக்க வேண்டும், ஏற வேண்டும்.

இதைவிடப் பெரிய காரணம் கடை. 2003 நவம்பரில் இருந்து தமிழ்நாட்டில் மதுச் சில்லறை விற்பனை முழுக்க டாஸ்மாக் கையில். எந்த ஆலையிடம் எவ்வளவு எடுப்பது என்பதும் அங்கேதான் முடிவாகிறது. அதனால் கவுண்டரில் நிற்கிறவரின் கேள்வியே வேறு மாதிரி இருக்கும்: "அண்ணே, கூலிங்ல என்ன இருக்கு?" அந்தக் கேள்வியில் பிராண்டு பெயரே இல்லை, கவனித்தீர்களா? கம்பெனி கைமாறியதை எதிர்த்து ஒருவர் கிங்ஃபிஷரை விட நினைத்தாலும், அவருக்காக இன்னொன்று கூலிங்கில் காத்திருக்கும் என்று சொல்ல முடியாது. (பிரிட்டிஷ் எம்பயர் என்று ஒரு பீர் உண்டு. காய்ச்சுவது எஸ்.என்.ஜே. என்ற தமிழ்நாட்டு நிறுவனம். பெயரைப் பார்த்து நாட்டுப்பற்று காட்டினால் இப்படித்தான் மாட்டிக்கொள்வோம்.)

போட்டி என்ற ஒன்று இருந்ததா என்பதே சந்தேகம். யுனைடெட் புரூவரிஸ், கார்ல்ஸ்பர்க், ஏபி இன்பெவ் மூவரும் கூடிப்பேசி விலை வைத்தார்கள் என்று 2021ல் இந்தியப் போட்டி ஆணையம் தீர்ப்புச் சொல்லி, முதல் இருவருக்கும் சேர்த்து 870 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. முதலில் போய் ஒப்புக்கொண்டதால் மூன்றாமவர் தப்பித்துக்கொண்டார்.

தம்ஸ் அப் கதை இதற்கு நேர் எதிர். 1977ல் கோகோ கோலா இந்தியாவை விட்டுப் போன இடத்தில் பார்லே என்ற இந்தியக் கம்பெனி கொண்டுவந்த பானம் இது. 1993ல் கோகோ கோலா திரும்பி வந்து தம்ஸ் அப், லிம்கா, கோல்ட் ஸ்பாட், மாஸா எல்லாவற்றையும் மொத்தமாக வாங்கியது. ஃபான்டாவுக்கு வழிவிடக் கோல்ட் ஸ்பாட் ஓரங்கட்டப்பட்டது. என் வயதுக்காரர்களுக்கு அந்த ஆரஞ்சுக் கலர் இன்னும் நாக்கில் இருக்கும். தம்ஸ் அப்பையும் கொஞ்ச காலம் கவனிக்காமல் விட்டார்கள், ஆட்கள் கோக்குக்கு வந்துவிடுவார்கள் என்ற கணக்கில். யாரும் வரவில்லை. காரமாக மூக்கில் ஏறும் அந்தச் சுருக்குக்குப் பழகியவர்களுக்குக் கோக் வெறும் இனிப்புத் தண்ணீர். கடைசியில் கம்பெனிதான் இறங்கி வந்து தம்ஸ் அப்புக்கே விளம்பரம் செய்தது. பெட்டிக்கடையில் "அது வேணாம், இதைக் குடு" என்று சொல்ல முடிந்ததால் நடந்த காரியம் இது. பீருக்கு இந்த வாய்ப்புக் கிடைக்கவே இல்லை.

சரி, பவண்டோ. 1916ல் விருதுநகரில் பழனியப்ப நாடார் தொடங்கிய காளிமார்க், 1950களின் கடைசியில் கொண்டுவந்த கலர். திராட்சை வாசம், கோலா நிறம். பிரியாணிக்கு அப்புறம் ஒரு பவண்டோ குடித்து ஏப்பம் விட்டால்தான் சித்தப்பாவுக்குச் சாப்பிட்ட கணக்கு. கோக்கும் பெப்சியும் வந்தபோது எத்தனையோ உள்ளூர் கலர் கம்பெனிகள் காணாமல் போயின. காளிமார்க் விற்காமல் நின்றது.

2017ல் ஜல்லிக்கட்டுப் போராட்டம் தமுக்கத்திலும் அலங்காநல்லூரிலும் கொதித்து அடங்கிய கையோடு, மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்க மாட்டோம் என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தன. தாமிரபரணித் தண்ணீரை அந்தக் கம்பெனி ஆலைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்ற வழக்கு உயர் நீதிமன்றத்தின் நம் மதுரைக் கிளையில் நடந்துகொண்டிருந்த நேரம் அது. பவண்டோவுக்கு அன்று இருந்த கிராக்கி கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் மார்ச் 2ஆம் தேதி வழக்கு தள்ளுபடியானது. கோபம் ஆறியதும் கோக்கும் பெப்சியும் அலமாரிக்குத் திரும்பி வந்தன.

ஏன் திரும்பின? பெரிய கம்பெனி கொடுத்த ஃபிரிட்ஜ்தான் காரணம் என்பேன். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், கண்ணுக்கு நேரே இருப்பதுதான் விற்கும். பவண்டோ பல கடைகளில் தரையில் கேஸோடு சூடாக நிற்கும். பீருக்கு டாஸ்மாக் செய்வதை, கலருக்கு ஃபிரிட்ஜ் செய்கிறது, பாதி அளவுக்கு. இப்போது புதுத் தலைவலியும் வந்திருக்கிறது, அதுவும் உள்நாட்டில் இருந்தே: 2022ல் ரிலையன்ஸ் 22 கோடிக்கு வாங்கிய காம்பா கோலா, 10 ரூபாய் பாட்டிலோடு பெட்டிக்கடைக்குள் புகுந்துவிட்டது. அதைக் குடித்தால் நாட்டுப்பற்றா இல்லையா என்று மாப்பிள்ளையிடம்தான் கேட்க வேண்டும்.

ருசிக்கு என்றால் என் ஓட்டு தம்ஸ் அப்புக்கு, அதுவும் கண்ணாடி பாட்டிலில். காசு ஊர்ப்பக்கம் தங்க வேண்டும் என்றால் பவண்டோ, வேறு பேச்சில்லை. பீரில் எனக்குக் கட்சி கிடையாது. மாப்பிள்ளையிடம் ஹைனெகன் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி மாமா, வேற எது கிடைக்குது சொல்லுங்க" என்றான். சித்தப்பா இரண்டாவது பவண்டோவைத் திறந்துகொண்டிருந்தார்.